கருவறையிலிருந்து கண்ணாடிப் பேழைக்கு

2021 வசந்தத்தில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நகரும் நடைபாதை போட்டிருந்தார்கள். விமான நிலையங்களில் இருக்குமே, அதேதான். பேழைக்குள் விரிந்து கிடந்தது ‘சோஜு கிகா’ என்ற ஓவியச் சுருள். தவளை முயலை மல்லாத்துகிறது. குரங்கு துறவி வேடம் போட்டு, வாழையிலைக்கு முன் புத்தராக அமர்ந்திருக்கும் தவளையை வணங்குகிறது. கியோத்தோவின் கோசான்ஜி ஆலயத்துக்குச் சொந்தமான, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தீட்டப்பட்ட நான்கு சுருள்கள். நீட்டிப் போட்டால் 40 மீட்டரைத் தாண்டும். 2015-ல் இதே இடத்தில் இவற்றைக் காட்டியபோது மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று களைத்தார்கள். அதனால் இந்த முறை முதல் சுருளுக்கு முன்னால் பார்வையாளர்களை நடைபாதையில் ஏற்றி, ஒரே வேகத்தில் நகர்த்திவிட்டார்கள்.

இந்தச் சுருள்கள் பிறந்த காலத்தில் அவற்றைப் பார்த்த முறை வேறு. சுருளைத் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்து, தோள் அகலத்துக்கு மட்டும் விரிப்பார்கள். இடக்கை புதிய காட்சியை அவிழ்க்கும். வலக்கை பார்த்து முடித்ததைச் சுருட்டும். வலமிருந்து இடமாகக் கதை ஓடும். எங்கே நிற்பது, எங்கே விரைவது என்பதைப் பார்ப்பவரின் கை முடிவு செய்யும். ஒரு சமயம் ஒருவர் பார்க்கலாம். கூட இருப்பவர் ஒருவர், இருவர் எட்டிப் பார்க்கலாம். அந்த வாய்ப்பும் அரண்மனையைச் சேர்ந்தவர்களுக்கும் ஆலயத்தைச் சேர்ந்தவர்களுக்கும்தான் கிடைத்தது.

அன்று சிலர் கையில் பிடித்துப் பார்த்தார்கள். இன்று லட்சக்கணக்கானோர் கை படாமல் பார்க்கிறார்கள். ஜப்பானியக் கலை மக்கள் முன்னால் வந்த கதை முழுவதும் இந்த மாற்றத்துக்குள் அடங்கும். அதில் பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று எடைபோட, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

மறைத்து வைப்பதே மரியாதை

பழைய ஜப்பானில் ஓவியம் நிரந்தரமாகச் சுவரில் தொங்குகிற பொருள் அல்ல. வீட்டின் வரவேற்பறையில் அதற்கென்று ஓர் ஒதுக்கிடம் உண்டு. வருகிற விருந்தினரையும் நடக்கிற பருவத்தையும் பார்த்து, பெட்டியிலிருந்து ஒரு தொங்கு சுருளை எடுத்து மாட்டுவார்கள். விருந்து முடிந்ததும் அது மறுபடி பெட்டிக்குள் போய்விடும். தங்கத் தகடு ஒட்டிய மடிப்புத் திரைகளை அறையின் மங்கிய வெளிச்சத்துக்கும் விளக்கின் சுடருக்கும் ஏற்றபடி செய்தார்கள். சுடர் அசைந்தால் தங்கமும் அசையும்.

ஆலயங்களில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நாகானோவின் ஸென்கோஜி ஆலயத்தின் மூல புத்த உருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. அதன் பிரதிமையைத்தான் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கிறார்கள். நம் ஊரில் மூலவர் கருவறையில் இருக்க, உற்சவர் வீதிக்கு வருவாரே, அது போலத்தான். எடோ காலத்தில் தொலைதூரக் கோயில்கள் தங்கள் தெய்வ உருவங்களை எடோ நகருக்கே கொண்டுவந்து காட்டின. இன்று டோக்கியோ என்று அறியப்படும் நகரம் அது. ரியோகொகுவில் உள்ள எகோயின் ஆலயம் இதற்குப் பேர்போன இடம். கும்பிடுபவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் கடைகளும் வித்தைக்காரர்களும் சேர்ந்து திருவிழாவாகிவிடும். வசூலாகும் காணிக்கையில் கோயில் கூரை வேயப்படும். பின்னால் வந்த கண்காட்சிகளின் கூட்டத்துக்கும் பரபரப்புக்கும் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

மறைப்புக்கும் திறப்புக்கும் நடுவே நடந்த மோதலில் மிகவும் பெயர்பெற்றது நாரா அருகே உள்ள ஹோர்யூஜி ஆலயத்தில் நடந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்க வந்த அமெரிக்கர் எர்னஸ்ட் பெனோலோசா, அரசின் கலைக் கணக்கெடுப்புப் பணியில் அங்கே போனார். அவருடன் வேலை செய்தவர் ஒககுரா தென்ஷின். யுமெதொனோ மண்டபத்தில் பல தலைமுறைகளாக மூடியே இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் நிலநடுக்கம் வரும் என்று துறவிகள் அஞ்சினார்கள். 1884-ல் அது திறக்கப்பட்டதாகச் சொல்வது வழக்கம். பெனோலோசா எழுதிவைத்தபடி, சிலையைச் சுற்றியிருந்த துணி மட்டுமே ஏறக்குறைய 450 மீட்டர். தூசி பறக்கப் பறக்க அதை அவிழ்த்தபோது, ஆள் உயரத்தில் அவலோகிதேஸ்வரர் உருவம் நின்றது. ஒளி படாமல் இருந்ததால் 7-ஆம் நூற்றாண்டுத் தங்கப் பூச்சு மினுங்கியது.

பெனோலோசாவின் பிடிவாதம் இல்லாவிட்டால் உலகம் அந்தச் சிலையை அறிந்திராது. துறவிகளின் மறைப்பு இல்லாவிட்டால் அந்தத் தங்கம் மிஞ்சியிருக்காது. இரண்டும் உண்மை. ஹோர்யூஜி இன்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது: வசந்தத்தில் ஏப்ரல் 11 முதல் மே 18 வரை, இலையுதிர் காலத்தில் அக்டோபர் 22 முதல் நவம்பர் 22 வரை கதவைத் திறக்கிறது. மற்ற நாட்களில் சிலை இருட்டில்தான் இருக்கிறது.

தங்க மீனும் மூழ்கிய கப்பலும்

1868-ல் வந்த மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. அந்த வேகத்தில் ஊருக்கு ஊர் ஆலயங்கள் சூறையாடப்பட்டன. சிலைகளும் சுருள்களும் கிடைத்த விலைக்குப் போயின. தன் கலையைத் தானே தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நாடு உணர்ந்த கட்டத்தில்தான் அருங்காட்சியகம் என்ற எண்ணம் வேர் பிடித்தது. 1872-ல் டோக்கியோவின் யுஷிமாவில் கன்பூசியஸ் ஆலய மண்டபத்தில் முதல் அரசுக் கண்காட்சி நடந்தது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் தன் பிறந்த ஆண்டாகக் கொள்வது இதைத்தான்.

அங்கே ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை. பழைய வாள், பாத்திரம், பாடம் செய்த விலங்கு, கனிமம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கூட்டத்தை இழுத்தது நாகோயா கோட்டைக் கூரையிலிருந்து இறக்கிய தங்க ‘ஷாச்சி’, அதாவது புலித்தலை கொண்ட மீன் உருவம். 20 நாளுக்கென்று திட்டமிட்ட கண்காட்சியை ஏப்ரல் முடிவு வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. சுமார் 1,50,000 பேர் வந்தார்கள். கோட்டைக் கூரையை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த சாமானியர், அந்த மீனை முகத்துக்கு முகம் நின்று பார்த்தார்.

அதே அரசு அடுத்த ஆண்டே வியன்னா உலகக் கண்காட்சிக்கு ஒரு கப்பல் நிறையப் பொருட்களை அனுப்பியது. திரும்பும் வழியில், 1874-ல், அவற்றை ஏற்றிவந்த ‘நீல்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் இஸு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. ஏராளமான பழம்பொருட்கள் போயே போயின. பிறகு கடலடியிலிருந்து எடுத்த அரக்குப் பாத்திரங்கள் சிலவற்றில் மெருகு கலையவில்லை. உப்புநீரில் ஊறியும் அரக்கு தாங்கியது ஐரோப்பாவில் ஜப்பானிய அரக்கு வேலையின் புகழை உயர்த்தியது. ஆனால் நாட்டின் அரும்பொருட்களை ஒரே கப்பலில் ஏற்றி உலகம் சுற்ற விடுவதன் விலை என்னவென்றும் அந்த விபத்து கற்பித்தது. இன்று ஒரு பொக்கிஷம் வெளிநாடு போக வேண்டுமென்றால் அரசின் அனுமதி, கூடவே செல்லும் பாதுகாவலர், ஈரப்பதம் காக்கும் பெட்டி என்று எல்லாம் வேண்டும். இவற்றில் எதுவும் 1874-ல் இல்லை.

வியாழக்கிழமை, மழை பெய்யாவிட்டால்

வறுமையில் வாடிய ஹோர்யூஜி 1878-ல் தன் பொக்கிஷங்களில் 300-க்கும் மேற்பட்டவற்றை அரச குடும்பத்துக்குக் கொடுத்து, 10,000 யென் பெற்றுக்கொண்டது. கோயில் கட்டடங்கள் பிழைத்தது அந்தப் பணத்தில். அந்தப் பொருட்கள் இறுதியில் டோக்கியோவின் உயேனோ பூங்காவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

1964-ல் அவற்றுக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. அது வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும் திறந்திருக்கும். அன்றும் மழை பெய்தாலோ ஈரப்பதம் ஏறினாலோ கதவு திறக்காது. காற்றைக் கட்டுப்படுத்தும் வசதி போதாத காலத்தில், பொருளைக் காக்க வேறு வழியில்லை. நாட்காட்டியையும் வானத்தையும் பார்த்துக் கிளம்பிப் போனவர்களுக்கும் அன்று தரிசனம் நிச்சயமில்லை.

1999-ல் கட்டடக் கலைஞர் தானிகுச்சி யோஷியோ வடிவமைத்த புதிய கட்டடம் வந்தது. முன்னே தெளிந்த நீர்ப்பரப்பு. உள்ளே மங்கிய ஒளியில் சிறு சிறு வெண்கல புத்தர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கண்ணாடிப் பேழையில் வரிசையாக நிற்கிறார்கள். வெப்பமும் ஈரப்பதமும் இரவும் பகலும் ஒரே அளவில் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு நாள் என்ற கட்டு போயிற்று. கலையை நேசிப்பவர்கள் எல்லாருக்கும் பொறியாளர்கள் வாங்கிக் கொடுத்த சுதந்திரம் இது. இதைச் சிறிதாக நினைக்கக் கூடாது.

ஆனால் பட்டிலும் தாளிலும் தீட்டியவற்றுக்கு எந்தப் பொறியாலும் முழு விடுதலை வாங்கித் தர முடியாது. விழும் ஒளி ஒவ்வொரு நாளும் நிறத்தைத் தின்கிறது. அதனால் இத்தகைய ஓவியங்களுக்குப் பெரும்பாலும் 50 லக்ஸ் அளவே ஒளி. தேசியப் பொக்கிஷங்களை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல், மொத்தம் 60 நாளுக்கு மேல் காட்டக் கூடாது என்பது கலாச்சார முகமை வகுத்த பொது விதி. பொருளின் உறுதியைப் பொறுத்து அதைப் பின்னாளில் சற்றுத் தளர்த்தினார்கள். ஒரே கண்காட்சிக்குள்ளும் பாதியில் சுருள்களை மாற்றுவார்கள். முதல் வாரம் போனவர் பார்த்தது ஒன்று, கடைசி வாரம் போனவர் பார்த்தது வேறு.

அங்காடி மாடியில் அசுரன்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் பெரிய கண்காட்சிகள் நடத்த அருங்காட்சியகங்கள் போதவில்லை. அந்த இடத்தை நிரப்பியவை பேரங்காடிகள். மேல்மாடியில் கண்காட்சி வைத்தால், பார்த்துவிட்டுக் கீழே இறங்கும் கூட்டம் தளம் தளமாகப் பொருள் வாங்கும் என்பது கடைக்காரர் கணக்கு. செலவையும் விளம்பரத்தையும் நாளிதழ் நிறுவனங்கள் ஏற்றன. அரிசி வாங்கக் காசு தேடிய குடும்பங்களும் அப்படித்தான் நாட்டின் தலைசிறந்த சிற்பங்களைக் கண்டன.

1952-ல் நாராவின் கொஃபுகுஜி ஆலயத்து அசுரன் சிலை, டோக்கியோவின் நிஹோன்பாஷி மிட்சுகோஷி அங்காடிக்கு வந்தது அந்த வழியில்தான். 734-ல் செய்த சிலை. நம் புராணத்தில் தேவர்களோடு மல்லுக்கு நின்ற அசுரன், பௌத்தத்தோடு சீனா வழியாகக் கடல் கடந்து போய், அங்கே புத்தரைக் காக்கும் எண்மரில் ஒருவனாகிவிட்டான். மூன்று முகம், ஆறு கை. முன்முகம் போர்க்களத்து முகமே அல்ல. புருவம் நெரிய, ஏதோ வருத்தத்தை அடக்கிக்கொள்ளும் பதின்வயதுச் சிறுவனின் முகம். அரக்கில் நனைத்த துணியை அடுக்கடுக்காக ஒட்டி, உள்ளே வெறுமையாக விட்டுச் செய்த உடல். அதனால்தான் தீப்பிடித்தபோதெல்லாம் துறவிகளால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது.

1973-ல் குமாமோத்தோ நகரின் பேரங்காடி ஒன்றில் பற்றிய தீ 100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் அங்காடிகளில் பொக்கிஷங்களை வைப்பதற்குக் கட்டுப்பாடு இறுகியது. அசுரன் மறுபடி டோக்கியோ வர 57 ஆண்டுகள் ஆயின. 2009-ல் தேசிய அருங்காட்சியகத்தில் அவனைக் கண்ணாடி இல்லாமல் நிறுத்தினார்கள். ஆலயத்தில் முன்புறத்திலிருந்தே பார்த்து வந்த உருவத்தை மக்கள் சுற்றிவந்து பார்த்தார்கள். பக்கவாட்டு முகங்களின் கடுமை பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 9 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதே ஆண்டு க்யூஷு தேசிய அருங்காட்சியகத்தில் சிலையை சி.டி. ஸ்கேன் செய்து உள்ளமைப்பைப் படம் பிடித்தார்கள். இது அங்காடி மாடியில் நடக்காத காரியம்.

மறந்தவரைத் திரும்ப அழைத்தவர்கள்

கண்காட்சிகள் கூட்டம் சேர்ப்பதோடு நிற்பதில்லை. ஒரு நாட்டின் கலை வரலாற்றையே திருத்தி எழுதக்கூடியவை. ஓவியர் இட்டோ ஜகுச்சூ அதற்குச் சாட்சி. 1716-ல் கியோத்தோவின் நிஷிகி சந்தையில் காய்கறி மொத்த வணிகர் வீட்டில் பிறந்தவர். 40 வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் வரைந்தார். முற்றத்தில் கோழிகளை வளர்த்து, அவற்றையே பார்த்துப் பார்த்துப் படித்தார். அவர் தீட்டி ஷொகொகுஜி ஆலயத்துக்குக் கொடுத்த 30 பட்டோவியங்கள், 1889-ல் அரச குடும்பத்துக்குப் போயின. காலப்போக்கில் பொதுமக்கள் அவரை ஏறக்குறைய மறந்தே போனார்கள்.

1970-ல் கலை வரலாற்றாசிரியர் த்சுஜி நொபுஓ தம் நூலில் அவரை முன்னிறுத்தினார். ஜோ பிரைஸ் என்ற அமெரிக்கர் அவருடைய ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2000-ல் கியோத்தோ தேசிய அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி நடத்தியது; இளைஞர்கள் திரண்டார்கள். 2016-ல் டோக்கியோ பெருநகர் கலை அருங்காட்சியகத்தில் 31 நாட்களில் 4,46,000 பேர். உள்ளே நுழையக் காத்திருந்த நேரம் ஒரு கட்டத்தில் 320 நிமிடம். 2021-ல் அந்த 30 ஓவியங்களும் தேசியப் பொக்கிஷமாயின.

இதற்கிடையே நடந்த பழுதுபார்ப்பு இன்னொரு கதவைத் திறந்தது. பட்டை அதன் பழைய ஒட்டுத்தாளிலிருந்து பிரித்தபோது, பின்புறத்திலும் ஜகுச்சூ வண்ணம் பூசியிருந்தது தெரிந்தது. முதிய பைன் மரத்தில் நிற்கும் வெள்ளைப் பீனிக்ஸ் பறவையின் இறகுகளில் தங்கம் ஒளிர்வதாகவே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஆய்ந்தால் துளித் தங்கம் இல்லை. பின்பக்கம் பூசிய காவி மஞ்சள், பட்டின் இழைகளுக்கு நடுவே கசிந்து, முன்னால் உள்ள வெண்ணிறக் கோடுகளோடு சேர்ந்து பொன்னாகத் தோன்றியது. மீன்கள் நிறைந்த ஓர் ஓவியத்தில், ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த பிரஷ்ய நீலமும் அகப்பட்டது. ஆலயத்தில் தொங்கிய காலத்தில் எந்த ரசிகருக்கும் இவை தெரிய வழியில்லை.

மனிதர்களையே பேழையில் வைத்தவர்கள்

இந்த வரலாற்றில் பெருமைப்பட முடியாத அத்தியாயமும் உண்டு. 1903-ல் ஒசாகாவில் நடந்த தேசியத் தொழில் கண்காட்சிக்கு வெளியே ஒரு கொட்டகையில், வடக்கே ஹொக்கைதோவின் ஐனு மக்களையும் தெற்கே ஒகினாவா பெண்களையும் தைவான் பழங்குடியினரையும் காட்சிப் பொருளாக உட்கார வைத்தார்கள். ஒகினாவா மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை: 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், 1910-ல் லண்டனில் நடந்த ஜப்பான்–பிரிட்டன் கண்காட்சி என்று ஐனு மக்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள்.

2020 ஜூலையில் ஹொக்கைதோவின் ஷிராவோயில் ‘உபொபொய்’ வளாகமும் தேசிய ஐனு அருங்காட்சியகமும் திறந்தன. அங்கே பெயர்ப்பலகைகளில் ஐனு மொழிக்கு முதலிடம். காட்சிப் பகுதிகளின் தலைப்புகள் ‘நம் மொழி’, ‘நம் வாழ்வு’, ‘நம் வரலாறு’ என்று தன்மையில் பேசுகின்றன. பார்க்கப்பட்டவர்கள் பேசுகிறவர்களாக மாறியிருக்கிறார்கள். ஜப்பானியக் கண்காட்சிகள் கண்ட மாற்றங்களில் இதையே நான் தலையாயதாக மதிக்கிறேன். இருந்தும் கணக்கு முடியவில்லை. ஆய்வு என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் ஐனு இடுகாடுகளிலிருந்து எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அந்த வளாகத்தின் நினைவிடத்தில் இருக்கின்றன. அவை எங்கள் ஊர் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்கும் ஐனு குரல்கள் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

பிரதிமைகளின் காலம்

2018-ல் டோக்கியோவின் ஒதைபாவில் டீம்லேப் குழு திறந்த ‘பார்டர்லெஸ்’ என்ற இடத்தில் பேழையும் இல்லை, பொருளும் இல்லை. இருண்ட அறைகளில் ஒளியால் ஆன பூக்கள் பூத்து உதிரும், தொட்டால் விலகும். முதல் ஆண்டில் சுமார் 23 லட்சம் பேர் வந்தார்கள். 2024-ல் அது அசாபுதை ஹில்ஸ் வளாகத்துக்கு இடம் மாறியது. இதைக் கேளிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தக் குழுவே 2013-ல் செய்த ‘நிர்வாணா’ என்ற அசையும் படம், ஜகுச்சூ பெயரில் வழங்கும், பல்லாயிரம் சிறு சதுரங்களால் ஆன விலங்குத் திரைகளிலிருந்து பிறந்தது. பழையதை அறிந்தவர்கள்தான் இந்தப் புதியதைச் செய்கிறார்கள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

ஆனாலும் வருங்காலத்துக்கான விடை கியோத்தோவின் கென்னின்ஜி ஆலயத்தில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் தவரயா சோதாத்சு தீட்டிய காற்றுத் தேவன், இடித் தேவன் திரைகள் அந்த ஆலயத்துக்குச் சொந்தம். அசல் கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆலயத்தில் இருப்பது உயர்நுட்ப ஒளிப்படத்தாலும் கைவினைஞர் ஒட்டிய தங்கத் தகட்டாலும் உருவான பிரதி. அதன் முன்னால் பாய்விரித்த தரையில் உட்காரலாம், எவ்வளவு நேரமும் பார்க்கலாம். தோட்டத்திலிருந்து வரும் பகல் வெளிச்சம் தங்கத்தில் படுகிறது. நெரிசலும் நகரும் கூட்டமும் தர முடியாத நிதானம் அங்கே கிடைக்கிறது.

மூலத்தை இருளில் காத்து, பிரதியை மக்களுக்குக் கொடுக்கும் வழியை ஸென்கோஜி பல நூற்றாண்டுகளாகப் பின்பற்றி வருகிறது. அன்று பக்தி வகுத்த எல்லையை இன்று அறிவியல் வகுக்கிறது, அவ்வளவே. கண்காட்சி நடத்துபவர்கள் எண்ணிக்கையைக் கொண்டாடும் வேகத்தில் இந்த எல்லையைத் தளர்த்திவிடக் கூடாது. பழக, படிக்க, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பிரதிகள் தாராளமாகப் பெருகட்டும். அசல் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் வரட்டும். வரும் அந்தச் சில நாளில் ஒவ்வொருவருக்கும் நின்று பார்க்க நேரமும் இடமும் இருக்கும்படி, நுழைவு எண்ணிக்கையை அருங்காட்சியகமே குறைத்துக்கொள்ளட்டும். வருமானம் குறையும், அதை ஈடுசெய்வது அரசின் கடமை.